ஆன்லைன் கண்ணாடியும் நான் எழுதிய பவரும்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வரும்போது, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நலம் விசாரிப்பதற்கு முன்பே கண்ணாடியைக் கழற்றி நீட்டுவார்கள். கால் வளைந்திருக்கும், அல்லது மூக்கில் உட்காராமல் வழுக்கும். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியும் சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கைப்பையில் போடாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. நான் திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிடும். "சிஸ்டர், கண்ணாடி ஆன்லைன்ல வாங்கலாமா, கடையிலதான் வாங்கணுமா?"

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரே கண்ணாடிக் கடையில், முப்பத்திரண்டு வருடம் கண் பரிசோதித்தவள் நான். ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. கடையில வாங்குங்க என்பேன், அதோடு முடிந்தது. இப்போது அவ்வளவு வேகமாகப் பதில் வருவதில்லை. யாருக்குக் கண்ணாடி, என்ன பவர், கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத்தான் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன். நீங்கள் கடையில் சேர்ந்திருந்தாலும், ஆன்லைன் கம்பெனியில் சேர்ந்திருந்தாலும் இது உங்களுக்குத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் தப்பு செய்தவள் நான். என்னைக் காப்பாற்றியவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அதனால் அவள் பெயரில்லாமல்தான் வருவாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடங்களுக்கு முன், பள்ளிகள் திறந்த ஒரு ஜூன் மாதத்தில் குமரேசன் கடைக்கு வந்தார். வயது நாற்பத்து நான்கு. வேங்கைவாசல் பக்கத்துக்காரர். குடும்ப நிலத்தை விற்றபோது தன் பங்கில் ஒரு வேன் வாங்கி, மேடவாக்கம் அபார்ட்மெண்ட்களிலிருந்து கிழக்குத் தாம்பரத்தில் உள்ள ஒரு பள்ளிக்குப் பதினான்கு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டு, மாலையில் திரும்ப அழைத்துப் போவார். கூட அவருடைய மகள் சிந்து வந்திருந்தாள். பொத்தேரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு.

"தூரத்துல வர்ற வண்டி நம்பரு மங்கலா கீது மேடம். ரெண்டு மாசமாத்தான் இப்டி," என்றார் குமரேசன். "கிட்டக்க ஒண்ணும் பிரச்சினை இல்ல. பேப்பரு நல்லா படிக்கிறேன்."

சோதனை நாற்காலியில் உட்கார்ந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரு பாட்டில் கொடுத்தேன், முழுதும் குடித்தார். "இன்னா வெயிலு மேடம். குடிச்சிகினே கீறேன், தாகம் அடங்க மாட்டேங்குது," என்றார். ஆனி மாத வெயிலில் குரோம்பேட்டையில் யாருக்குத்தான் தாகம் அடங்குகிறது? நான் அதைக் காதில் வாங்கி அப்படியே வெளியே விட்டேன். இரண்டு கண்ணிலும் தூரத்துக்கு மைனஸ் ஒன்றேகால் வந்தது. எழுதினேன்.

சீட்டைக் கையில் வாங்கிய சிந்து, "மேம், பி.டி.யும் இதிலேயே எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

பி.டி. என்பது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் என்பது உங்களுக்குத் தெரியும். லென்ஸின் மையம் அந்த அளவில்தான் உட்கார வேண்டும். அது இல்லாமல் யாரும் கண்ணாடி செய்ய முடியாது. ஒருவர் அதை எழுதிக் கேட்டால் வேறு எங்கோ வாங்கப் போகிறார் என்று அர்த்தம். அதனால் எங்கள் கடையில் அதை எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை.

"அது கண்ணாடி போடுற இடத்துல எடுக்கறதும்மா. நாங்க எழுதித் தர்றதில்ல," என்றேன்.

அந்தப் பெண் வாதாடவில்லை. "பரவால்ல மேம், நானே ஸ்கேல் வச்சு எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். என் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. மனதுக்குள் இருந்தது எனக்கு நன்றாகவே தெரியும். செய்து பார், திரும்பி இங்கேதான் வருவாய் என்ற நினைப்புதான்.

இரண்டு வாரத்தில் திரும்பி வரவும் வந்தார்கள்.

அது சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள். குமரேசன் புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "செரியா வரல மேடம். போர்டுல எழுத்து மங்குது."

இங்கே நான் செய்யாமல் விட்டதைக் கவனியுங்கள். எனக்கு மூன்றடி தள்ளி லென்சோமீட்டர் இருந்தது. கண்ணாடியை அதில் வைத்தால் அரை நிமிடத்தில் பவர் தெரிந்திருக்கும். அதுகூட வேண்டாம், அவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்து எழுத்துப் பலகையைக் காட்டியிருந்தாலே போதும். இரண்டையும் நான் செய்யவில்லை. கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். அது பார்க்கிறவர்களுக்காகச் செய்வது. அதில் எதுவும் தெரியாது.

"சென்டர் தள்ளிப் போயிருக்கு. ஆன்லைன்ல வாங்கினா இப்படித்தான்," என்றேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

சிந்துவின் முகம் சுருங்கிப் போனது. அப்பாவுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் செய்தவள் அவள். குமரேசன்தான் அவள் தோளில் தட்டி, "வுடும்மா, இங்கியே போட்டுக்கலாம்," என்றார். நானே பி.டி. எடுத்து, அதே பவரில், எங்கள் கடையில் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் எழுதினேன். ஆன்லைன் கண்ணாடியை அவர்கள் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் புதுக் கண்ணாடியை வாங்க வந்தார். போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதே மாதிரிதான் கீது மேடம்," என்றார் தயங்கித் தயங்கி.

"புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் போடுங்க, பழகிடும்."

நம் தொழிலில் இதைவிட ஆபத்தான சொல் எனக்குத் தெரியாது. பல நேரம் அது உண்மையாக இருப்பதுதான் அதன் ஆபத்து. நூறு பேரிடம் சொல்லி நூறு பேருக்கும் பழகிவிடும். நூற்றியோராவது ஆளிடமும் அதே குரலில் சொல்வோம். குமரேசன் மரியாதை தெரிந்த மனிதர். "செரி மேடம்," என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கடை போனில் ஒரு பெண் பேசினாள். அந்த ஆன்லைன் கம்பெனியில், செய்து முடித்த கண்ணாடிகளைச் சோதித்து அனுப்பும் வேலை அவளுக்கு. சீட்டின் போட்டோவில் எங்கள் கடை நம்பர் இருந்ததால் கூப்பிட்டாளாம்.

"குமரேசன்னு ஒருத்தருக்கு நீங்க எழுதின பவருக்கு நாங்க கண்ணாடி செஞ்சோம் மேடம். ரிட்டர்ன் வந்திருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"கண்ணாடி சரியா இருக்கு மேடம். ரெண்டு மெஷின்ல வச்சுப் பார்த்துட்டேன். நீங்க எழுதின மைனஸ் ஒன்றேகால். பி.டி. அறுபத்து மூணு, அதுவும் மாறல."

"உங்க கண்ணாடிய நீங்க சரின்னுதானே சொல்வீங்க?"

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் மாறவே இல்லை.

"ரிட்டர்ன் ஃபார்ம்ல அவங்க பொண்ணு ஒண்ணு எழுதியிருக்காங்க மேடம், படிக்கிறேன். 'அப்பாவுக்குச் சில நாள் நன்றாகத் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை.' தப்பா செஞ்ச கண்ணாடின்னா தினமும் தப்பாத்தானே இருக்கணும்? இது ஒரு நாள் சரியா இருக்கு, ஒரு நாள் இல்ல. கண்ணாடி மாறாது மேடம். அப்போ மாறுறது அவர் கண்ணுதானே? நான் அவரைப் பார்த்ததில்ல. நீங்க பார்த்திருக்கீங்க. அதான் கேட்டுடலாம்னு போன் பண்ணினேன்."

"எனக்கு வேலை இருக்கு," என்று போனை வைத்துவிட்டேன்.

வைத்த கை போனின் மேலேயே இருந்தது. எனக்கு வயது ஐம்பத்தைந்து. அவள் குரலைக் கேட்டால் இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். என்னிடம் பாடம் நடத்துகிறாளா என்று வந்த எரிச்சல் ஒரு நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு, சோதனை விவரம் எழுதி வைத்திருந்த குமரேசனின் கார்டை எடுத்துப் பார்த்தேன். நான் என் கருவியில் எடுத்து எழுதியிருந்த பி.டி. அறுபத்து மூன்று. சிந்து வீட்டில் ஸ்கேலை வைத்து எடுத்த அதே அளவு. சென்டர் எங்கும் தள்ளிப் போகவில்லை. நான் சொன்னது பொய்.

கார்டில் அடுத்த வரியைப் பார்த்தேன். வயது நாற்பத்து நான்கு, முதல் முறை கண்ணாடி. நாற்பத்து நான்கு வயதில் ஒருவருக்குக் கிட்டத்தில் மங்கத் தொடங்கினால் அது இயல்பு. அதுவரை நன்றாகத் தெரிந்த தூரம், இரண்டே மாதத்தில் மங்கினால் அது இயல்பு இல்லை. ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பாட்டில் அப்போதுதான் என் கண் முன்னால் வந்தது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பி, பவர் மாறும். இன்று ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று. படிப்பில் நாம் எல்லோரும் எழுதிப் பாஸ் செய்த விஷயம்தான் இது.

குமரேசனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். வண்டி ஓட்டும்போது அவர் போனை எடுக்க மாட்டார் என்று தெரியும். கார்டில் இருந்த இன்னொரு நம்பரில் சிந்துவைக் கூப்பிட்டேன். வகுப்பில் இருந்து வெளியே வந்து பேசினாள்.

"அப்பா இந்நேரம் ஸ்கூல் வாசல்ல வண்டியப் போட்டுட்டு தூங்கிட்டு இருப்பாரு மேம். போனை சைலன்ட்ல வச்சிருப்பாரு. இப்பல்லாம் ரொம்பத் தூங்கறாரு."

"ராத்திரி அடிக்கடி எழுந்து பாத்ரூம் போறாராம்மா?"

"ஆமா மேம். அம்மா சொல்லிட்டே இருக்காங்க. ஏன்?"

"உடம்பு இளைச்சிருக்காரா?"

"பேன்ட்டெல்லாம் லூசாயிடுச்சு. டயட்ல இருக்கியாப்பான்னு நான்கூடக் கிண்டல் பண்ணேன்." அவள் குரல் மெல்ல இறங்கியது. "மேம், அப்பாவுக்கு என்ன?"

"தெரியலம்மா. டாக்டர்தான் சொல்லணும். நான் போய் அவரைப் பார்க்கிறேன்."

மணி இரண்டு நாற்பது. பள்ளி மூன்றரைக்கு விடும். அதற்குப் பிறகு அவர் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தண்ணீர் லாரிகளுக்கு நடுவே வேளச்சேரி ரோட்டில் மேடவாக்கம் வரை போக வேண்டும். முதலாளியிடம் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னேன். வெளியே நான்கு பேர் சோதனைக்குக் காத்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க போங்க, இவங்ககிட்ட நான் பேசிக்கறேன்," என்றார். அந்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. நான் டாக்டர் இல்லை. என் சந்தேகம் தப்பாக இருந்தால்? பள்ளி வாசலில், பெற்றோர்கள் முன்னால், ஒரு வேன் டிரைவருக்குக் கண் சரியில்லை என்று நான் சொன்னால், அது பொய்யாகவே இருந்தாலும் அடுத்த நாள் அவர் வேனில் ஒரு பிள்ளை ஏறாது. சொல்லாமல் விட்டால்? தாம்பரத்தில் ரயில் பாதையைக் கடக்கும் வரை இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டில் எது தப்பாகிப் போனால் பிறகு சரிசெய்ய முடியும் என்று யோசித்தேன். அப்போது முடிவு தானாக வந்தது. இழந்த பெயரை எப்படியாவது மீட்கலாம்.

பள்ளி வாசலில் ஏழெட்டு வேன்கள் நின்றன. குமரேசன் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

"இன்னா மேடம், இங்க?"

அவரைத் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டேன். ரோட்டின் கோடியில் ஒரு பஸ் வந்து நின்றது. "கண்ணாடி போட்டுக்கிட்டு அந்த பஸ் நம்பரைப் படிங்க," என்றேன்.

அவர் பார்த்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். பஸ் கிளம்பிப் பக்கத்தில் வந்த பிறகுதான் நம்பரைச் சொன்னார்.

"இன்னிக்குத் தெரில மேடம். நேத்து தெரிஞ்சிது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலைல செம்பாக்கத்தாண்ட முன்னாடி போன லாரி பிரேக் போட்டான். சேப்பு லைட்டு எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சிது. அமுத்திப் புடிச்சேன். புள்ளைங்கல்லாம் முன் சீட்டுல போய் மோதிகிச்சி. யாருக்கும் அடி இல்ல. யார்கிட்டயும் சொல்லல மேடம். பழகிடும்னு நீங்க சொன்னீங்க, அதான்."

என் வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் குற்றம் சாட்டியதில்லை. அவர் குற்றம் சாட்டவும் இல்லை. நம்பியதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"தப்பு என்னோடது குமரேசன். இன்னிக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாது. என்கூட டாக்டர்கிட்ட வாங்க."

"புள்ளைங்க வெயிட் பண்ணுமே மேடம். டீச்சர்கிட்ட இன்னான்னு சொல்றது?"

வேன்களில் பிள்ளைகளை ஏற்றிவிடும் பொறுப்பில் ஒரு டீச்சர் வாசலில் நின்றிருந்தார். நானே அவரிடம் போனேன். "நான் கண்ணாடிக் கடையிலேருந்து வர்றேன். இவருக்குக் கொடுத்த கண்ணாடியில எங்களால தப்பு நடந்துபோச்சு. சரிசெய்யற வரைக்கும் இவர் ஓட்டக் கூடாது," என்றேன். அந்த டீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்து தன் தப்பைச் சொல்கிற கடைக்காரியை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். "நல்லவேளை வந்தீங்க," என்று மட்டும் சொன்னார். மற்ற டிரைவர்களில் ஒருவர், "குமரண்ணா, நான் உன் புள்ளைங்களையும் ரெண்டு ட்ரிப்பா வுட்டுர்றேன், நீ போ," என்றார்.

பக்கத்திலேயே ஒரு சின்ன கிளினிக். டாக்டர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலிலும் எடுத்தார். இரண்டும் நானூற்றைத் தாண்டியிருந்தன. குமரேசனுக்கு அதுவரை சர்க்கரை நோய் என்று யாரும் சொன்னதில்லை. அவரும் எங்கும் போய்ப் பார்த்ததில்லை.

"யார் அனுப்பினாங்க உங்களை?" என்று டாக்டர் கேட்டார்.

"இவங்கதான் கூட்டினு வந்தாங்க," என்று குமரேசன் என்னைக் காட்டினார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கு நாள் இருந்தார். சர்க்கரை நிலைப்படும் வரை, குறைந்தது ஆறு வாரம், எந்தக் கண்ணாடியும் போடக் கூடாது, வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த ஆறு வாரமும் மற்ற வேன்காரர்கள் அவருடைய பிள்ளைகளைப் பங்கு போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். ஒரு பிள்ளையைக்கூட நிரந்தரமாகத் தங்கள் வேனுக்கு மாற்றிக்கொள்ளவில்லை.

இடையில் ஒரு நாள் குமரேசன் பதறிப்போய்ப் போன் செய்தார். "மேடம், இப்ப தூரம் நல்லா தெரிது. பேப்பரு தெரில." சர்க்கரை இறங்கும்போது அப்படி ஆகும், பொறுத்திருங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அவருடைய டாக்டரையும் கூப்பிட்டு நான் சொன்னது சரிதானா என்று கேட்டுக்கொண்டேன்.

எட்டாவது வாரம் மறுபடி சோதித்தேன். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை, இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான் எழுதினேன். தூரத்துக்கு அவருக்குக் கண்ணாடியே வேண்டாம். படிக்க மட்டும் பிளஸ் ஒன்று. அதாவது ஆன்லைன் கம்பெனி செய்த கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. எங்கள் கடையில் செய்ததிலும் குறை இல்லை. குறை நான் எழுதிய சீட்டில். அன்றைக்கு அவர் உடம்பில் ஏறியிருந்த சர்க்கரையை அளந்து, அதற்கு மைனஸ் ஒன்றேகால் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

புதுச் சீட்டில் யாரும் கேட்காமலே பி.டி. எழுதினேன். சிந்துவிடம், "எங்க வேணா வாங்கிக்கம்மா. வந்ததும் என்கிட்ட கொண்டுவா, சரியா இருக்கான்னு பார்த்துத் தர்றேன்," என்றேன். கூடவே, அன்றைக்குக் கடையில் எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியது தப்பு என்றும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "நீங்க அன்னிக்கு எனக்குப் போன் பண்ணீங்களே மேம், அது போதும்," என்றாள்.

அன்றிலிருந்து எல்லாச் சீட்டிலும் பி.டி. எழுதினேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார். "அப்புறம் கடையை எதுக்குத் திறந்து வைக்கணும்?" என்று கேட்டார். குமரேசன் விஷயத்தை நினைவுபடுத்தினேன். சரி என்று விட்டுவிட்டார். சிலர் ஆன்லைனில் வாங்கத்தான் செய்தார்கள். அதைக் கொண்டுவந்து காட்டினார்கள், நான் கருவியில் வைத்துப் பார்த்து, மூக்குக்கும் காதுக்கும் பொருத்திக் கொடுத்தேன். சாதாரண பவர் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. குழந்தைகளுக்கும், பெரிய பவர்காரர்களுக்கும், ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும் பார்க்கிறவர்களுக்கும், நேரில் உட்கார வைத்து அளவு எடுப்பதே நல்லது என்று காரணத்தோடு சொன்னேன். காரணத்தோடு சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள். பயமுறுத்திச் சொன்னதுதான் எடுபடவில்லை.

இதெல்லாம் நடந்தபோதும் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஆன்லைன் கம்பெனிப் பெண் பேசும்போதே நான் போனை வைத்தது வைத்ததுதான். அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். எடுத்த பையன், "கம்ப்ளெய்ன்ட்டா, ரீஃபண்டா மேடம்?" என்று கேட்டான். நன்றி சொல்ல வேண்டும் என்றேன். அவனுக்குப் புரிய நேரம் ஆனது. "அதுக்கு இதுல இடம் இல்ல மேடம். 'மற்றவை'ன்னு போட்டுக்கவா?" என்றான். போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டீங்கன்னு நினைச்சு பயந்துட்டேன் மேடம்," என்றாள். அன்றைக்கு என்னிடம் பேசியதற்காக அவளை மேலதிகாரி கண்டித்திருக்கிறார். கண்ணாடி சரி என்றால் சரி என்று எழுதி அனுப்ப வேண்டியதுதானே, கடைக்காரர்களுக்கெல்லாம் எதற்குப் போன் செய்கிறாய் என்று கேட்டாராம்.

"அப்புறம் ஏம்மா பண்ணினே?"

"அந்தப் பொண்ணு ரிட்டர்ன் ஃபார்ம்ல அவ்வளவு எழுதியிருந்தாங்க மேடம். யாரும் அதுல ஒரு வரிக்கு மேல எழுத மாட்டாங்க. படிச்சுட்டு சும்மா இருக்க முடியல." பிறகு கேட்டாள். "அவர் எப்படி இருக்காரு?"

எல்லாவற்றையும் சொன்னேன், பள்ளி வாசல், பஸ் நம்பர், கிளினிக். முடித்த பிறகு சொன்னாள். "ஒரு நாளைக்கு எத்தனையோ கண்ணாடி என் கையால போகுது மேடம். போட்டுக்கிட்ட ஒருத்தர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல."

நீங்கள் கடையில் வேலை செய்கிறவராக இருந்தால் உங்களுக்குக் கிடைத்திருப்பது அந்த முகம். அதைப் பாருங்கள். அவர் கேட்கும் தண்ணீரைப் பாருங்கள். ஆன்லைனில் வேலை செய்கிறவராக இருந்தால், உங்களுக்கு வருவது ஒரு வரிதான். அந்த வரியைப் படியுங்கள். அவள் படித்தாள். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தும் நான் பார்க்கவில்லை.

குமரேசனிடம் அவளைப் பற்றிச் சொன்னபோது, பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவள் மூன்று முறை தட்டிக் கழித்து, கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கடைக்கு வந்தாள். ஒல்லியான பெண். தோளில் ஒரு பெரிய பை. கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். குமரேசன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார்.

"இவங்கதான்," என்றேன்.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேச நிறைய யோசித்துக்கொண்டு வந்திருப்பார் போல, ஒன்றும் வரவில்லை. "நீதானாம்மா அது?" என்றார்.

"ஆமா சார்."

பிறகு, "சாப்டியா?" என்று கேட்டார்.

"இல்ல சார், இனிமேதான்."

"வூட்ல மீன் கொழம்பு வெச்சிகீறாங்க. சிந்து ஒனக்கோசரம் காத்துனு கீது. வா."

அவள் என்னைப் பார்த்தாள். போ என்று தலையசைத்தேன். எனக்கும் அழைப்பு இருந்தது, ஆனால் உள்ளே ஐந்து பேர் காத்திருந்தார்கள். வேன் வேங்கைவாசலுக்குக் கிளம்பியதும் நான் போய் அடுத்த ஆளை உட்கார வைத்தேன்.

திங்கட்கிழமை அவள் போன் செய்தாள். என்னம்மா, வீட்டில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல மேடம். சோறுதான் போட்டுக்கிட்டே இருந்தாங்க," என்றாள்.